சம்பளச் சீட்டில் ஓர் எண்: வேலை விண்ணப்பத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியின் எச்.ஆர். (மனிதவள) பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். ஒரு நாள் டெக்னீஷியன் வேலைக்கு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வந்தான். விண்ணப்பப் பாரத்தில் கடைசி அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதியிருந்தான். சம்பளச் சீட்டும் அதையேதான் சொன்னது. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கையைப் புரட்டினால் தொழிலாளி பங்கு 308, முதலாளி பங்கு 364. தொழிலாளிக்குப் பிடிப்பது 11 விழுக்காடு, முதலாளி போடுவது 13. கணக்குப் போட்டால் அடிப்படைச் சம்பளம் 2,800. உண்மையிலேயே 3,600 வாங்கியிருந்தால் 396-ம் 468-ம் விழுந்திருக்கும். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஓர் எண் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

“அண்ணே, எல்லாரும் கூட்டித்தானே போடுறாங்க” என்றான்.

கூட்டிச் சொல்வது பலர் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாயால் கூட்டிச் சொல்வதும் தாளில் கை வைப்பதும் ஒன்றல்ல. இன்டர்வியூவில் மிகைப்படுத்திப் பேசினால் பெரும்பாலும் வேலையோடு போய்விடும். சீட்டிலோ சான்றிதழிலோ ஓர் எண்ணை மாற்றிவிட்டால் அது பொய் ஆவணம். ஏமாற்றுவதற்காக அதைத் தயாரித்தால் குற்றவியல் சட்டம் 468-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. “நான் செய்யல, கடைக்காரர் செஞ்சு குடுத்தார்” என்பதும் உதவாது. பொய் ஆவணம் என்று தெரிந்தே அசல்போல் நீட்டியவருக்கு, அதைச் செய்தவருக்குரிய தண்டனைதான் என்கிறது 471-ஆம் பிரிவு. ஏமாற்றுக் குற்றமாக வழக்குப் போட்டால் 417-இல் ஐந்து ஆண்டு வரை. 420-க்குப் போனால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்து, பிரம்படி வேறு. நான் பார்த்தவரை போலீஸ் வரை போகும் கேஸ் குறைவு. ஆனால் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது உங்கள் கையில் இல்லை, கம்பெனி கையில்.

அடுத்த தவறு, பாரத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை, பொய்யென்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம்’ என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். ரெஸ்யூமே நீங்களாக எழுதிய தாள். அந்தப் பாரம் அவர்கள் கேட்ட கேள்விக்கு நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த பதில். திவால் ஆனதுண்டா, குற்றத் தண்டனை உண்டா, முன்பு வேலைநீக்கம் ஆனதுண்டா என்ற கட்டங்களில் ‘இல்லை’ என்று டிக் போடும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும். கேட்காததைத் தானாகச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கேட்டதற்குப் பொய் சொல்வதில்தான் சிக்கல்.

‘கன்ஃபர்ம் ஆயிட்டா தப்பிச்சோம்’ என்ற நினைப்பும் தப்பு. அந்தப் பாரம் ஃபைலில் கிடக்கிறது. பதவி உயர்வுக்கு ஃபைலைத் தூக்கும்போதோ, பழைய கம்பெனி ஆள் யாராவது புதிதாக வந்து சேரும்போதோ வெளியே வரும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையாக விசாரித்த பிறகு நோட்டீஸ் இல்லாமலே நீக்க முதலாளிக்கு அதிகாரம் தருகிறது. விசாரணை நடக்கும்போது இரண்டு வாரம் வரை பாதிச் சம்பளத்தில் உட்கார வைக்கலாம். அநியாயமாக நீக்கினார்கள் என்று நினைத்தால் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் வாசலிலேயே முடிந்தது. கேஸ் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போனால், அந்தப் பொய்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம், உண்மை தெரிந்திருந்தால் உங்களை எடுத்திருப்பார்களா என்பதெல்லாம் எடைபோடப்படும். பொழுதுபோக்குக் கட்டத்தில் ‘நீச்சல்’ என்று எழுதியதற்காக யாரும் வேலை இழந்து நான் பார்த்ததில்லை.

பட்டம் விஷயத்தில் ஒரு வார்த்தை. உள்ளூர்ப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை எம்.க்யூ.ஏ.வின் (மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனம்) பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், எச்.ஆரும் அதைத்தான் செய்கிறது. காசு கட்டி வாங்கிய ‘டாக்டர்’ பட்டத்தைக் கோயில் திருவிழா நோட்டீஸில் போட்டுக்கொண்டால் நாலு பேர் சிரிப்பதோடு போகும். வேலைப் பாரத்தில் போட்டால் போகாது. தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு பெறாமல் பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ (Ir.) போடுவதும், எம்.ஐ.ஏ. (மலேசியக் கணக்காளர் கழகம்) உறுப்பினராக இல்லாமல் அக்கவுண்டண்ட் என்று சொல்லிக்கொள்வதும் அந்தந்தத் தொழிலுக்கான சட்டத்திலேயே தனிக் குற்றம்.

சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வேலை பெர்மிட் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “ஏஜென்ட் நிரப்பினார்” என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் என்ன போகிறது என்று முதலில் வாங்கிப் படியுங்கள்.

அந்தத் தம்பியிடம் அசல் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி கைபேசியில் காட்டினான். அடிப்படை 2,800, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) 790. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை, அதனால்தான் அறிக்கையில் தெரியவில்லை. பிடித்தம் போவதற்கு முன் மாசம் கிட்டத்தட்ட 3,600 அவன் நிஜமாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தான். ‘அடிப்படை 2,800, ஓ.டி.யோடு ஏறத்தாழ 3,590’ என்று எழுதி, அசல் சீட்டையே பின்னால் குத்தியிருந்தால் அதை வைத்து நானே மேலே பேசியிருப்பேன். திருத்திய சீட்டு அதற்குள் ஃபைலுக்குப் போய்விட்டது.