பி.எஃப். ஓய்வூதியம்: அப்பாவுக்குப் பின் அம்மாவின் பெயருக்கு மாற்றும் முறை

என் அப்பா ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில் இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன்படி அவருக்கு மாதம் 2,640 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அவர் காலமான பிறகு அம்மாவின் பெயரில் விதவை ஓய்வூதியம் வாங்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றில் மூன்று மாதங்கள் ஒரு பெயர் வேறுபாட்டினால் போனவை. அரசு ஊழியர் குடும்ப ஓய்வூதியத்துக்கு விதிகள் வேறு. இங்கே சொல்வது பி.எஃப். பிடித்தம் இருந்தவர்களுக்கு மட்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் அதில் பாதி மனைவிக்கு வரும். ஓய்வூதியர் பெண்ணாக இருந்தால் கணவருக்கு. அம்மாவுக்கு 1,320 ரூபாய். பாதித் தொகை 1,000 ரூபாய்க்குக் கீழே போனாலும், 2014 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சமான 1,000 ரூபாயைத் தருவார்கள். 25 வயது நிறையாத பிள்ளைகள் இருந்தால், ஒரே சமயத்தில் இருவருக்கு, விதவை ஓய்வூதியத்தில் கால் பங்கு வீதம் தனியாக உண்டு. ஏழு லட்சம் ரூபாய் காப்பீடும் வாங்கித் தருவதாக ஒரு தரகர் எங்கள் வீடு தேடி வந்தார். அந்தக் காப்பீடு பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்கு உரியது. ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது. தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

முதல் வேலையாக வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. உரிமையில்லாமல் வரவான ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். விதவை ஓய்வூதியம் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகையால் விண்ணப்பம் தாமதமானாலும் நிலுவை சேர்ந்தே வரும்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. எங்கே உயிர் பிரிந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். பாம்பனிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் அங்கே மருத்துவமனையில் இறந்தவருக்கு, நம் ஊர் கிராம நிர்வாக அலுவலர் சான்றிதழ் தர இயலாது.

இனி என்னை மூன்று மாதம் அலைய வைத்த இடத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்துக்கு 10-டி என்ற படிவம். அதை நிரப்புவதற்கு முன், அப்பாவின் ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், அம்மாவின் வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அப்பாவின் ஆணையில் அம்மாவின் பெயர், திருமணத்துக்கு முன்பிருந்த தகப்பனார் முதலெழுத்துடன், 'அம்மாள்' என்று முடிந்திருந்தது. ஆதாரிலோ கணவரின் முதலெழுத்தோடு 'அம்மா' என்று நின்றுவிட்டது. நம் ஊரில் எந்தப் பெண்ணின் பெயரும் இப்படி இரண்டு விதமாக இருப்பது இயல்புதான் என்று நினைத்து நான் அப்படியே கொடுத்துவிட்டேன். 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒரே வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும், அப்பா அம்மா இருவர் பெயரும் சேர்ந்திருக்கும் குடும்ப அட்டையின் நகலையும் இணைத்துக் கொடுத்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுவது எவ்வளவோ எளிது. உங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இன்றைக்கே அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள்.

வங்கிக் கணக்கு அம்மாவின் பெயரில், உயிரோட்டத்துடன் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். கையில் ஒரு ஜன்தன் புத்தகம் இருக்கிறதே என்று நம்பாமல், நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்புவதைவிட நேரில் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். அதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி, விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில், பி.எஃப். அதிகாரிகள் மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். அசல்களை எடுத்துச் சென்று காட்டுங்கள். நகல்களை மட்டும் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒரு வாசகி, தம் தாயாருக்கு ஓய்வூதியம் ஓராண்டு வந்து நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று தர வேண்டும் என்பதை நான் எழுதாமல் விட்டது என் பிழை. எந்த மாதத்தில் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். ஆனால் கடலில் பாசி எடுத்தும் கருவாடு காயவைத்தும் தேய்ந்த விரல்களை ரேகைக் கருவி ஏற்பதில்லை. அம்மா மூன்று முறை விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தும் பதியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி உண்டு. வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் உட்கார வைத்து, கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொல்லுங்கள். பதியும்போது அப்பாவின் பழைய எண்ணைக் கொடுக்காமல், அம்மாவுக்குப் புதிதாக வந்த ஓய்வூதிய ஆணை எண்ணைக் கொடுங்கள்.