ஒரு நாடு போரை எதிர்க்கும்போது அதன் லாப நஷ்டத்தைப் பார்ப்பது எப்படி?

வகுப்பில் 2003 ஈராக் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே போதும், "ரஷ்யாவும் பிரான்சும் எண்ணெய்க்காகத்தான் எதிர்த்தன" என்று யாராவது ஒரு மாணவர் சொல்லிவிடுவார். அதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று அளந்து பார்க்காதவரை அது வெறும் பழிதான். அளப்பதற்கு நான் சொல்லித்தரும் வழி இது.

முதலில், போர் குறிவைக்கும் நாட்டில் இருக்கிற அரசு நீடித்தால் எதிர்க்கும் நாட்டுக்கு என்ன வரும், கவிழ்ந்தால் என்ன போகும் என்று எழுதுங்கள். ரஷ்யாவுக்கு முக்கியமாக இரண்டு. ஒன்று, ஈராக் தர வேண்டிய சோவியத் காலத்துக் கடன் பாக்கி, சுமார் 800 கோடி டாலர். இன்னொன்று, ஈராக்கின் மேற்கு குர்னா-2 எண்ணெய் வயலுக்காக ரஷ்ய எண்ணெய் நிறுவனமான லுக்ஆயில் 1997இல் போட்ட ஒப்பந்தம்.

அப்புறம் தேதிகளைப் பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த ஒப்பந்தத்தை சதாம் அரசே 2002 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. போர் தொடங்கியது 2003 மார்ச்சில். ஒப்பந்தம் மட்டுமே காரணம் என்றால் இடைப்பட்ட மாதங்களில் ரஷ்யாவின் எதிர்ப்பு தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை.

கையெழுத்தானதையும் பேச்சளவில் இருப்பதையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஈராக்கின் மஜ்னூன், நஹ்ர் உமர் எண்ணெய் வயல்களுக்காக பிரான்சின் டோட்டல் நிறுவனம் பல ஆண்டுகள் பேசியது. இறுதி ஒப்பந்தம் ஆகவில்லை.

அண்டை நாடுகளின் கணக்கே வேறு. 1990 ஆகஸ்டில், ஈராக்கின் கிர்குக்கிலிருந்து துருக்கிக்கு வரும் எண்ணெய்க் குழாய் மூடப்பட்டபோது துருக்கி பட்ட நஷ்டம் அங்கே எல்லோருக்கும் நினைவிருந்தது. மறுபக்கம், அமெரிக்கா பல நூறு கோடி டாலர் உதவி தர முன்வந்தது. 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில், அமெரிக்கப் படைகளை அனுமதிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 264 பேர், எதிராக 250 பேர் வாக்களித்தார்கள். 19 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதியால் தீர்மானம் தோற்றது. பணம் அங்கே இரண்டு பக்கமும் இழுத்தது.

அதே நலன் உள்ள இன்னொரு நாட்டையும் கட்டாயம் தேடுங்கள். பல்கேரியாவுக்கும் ஈராக் சுமார் 170 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. அது ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்காவின் பக்கம் நின்றது. ரஷ்யாவைப் போலவே கடன் பாக்கி, ஆனால் நிலைப்பாடு நேர் எதிர்.

போர் கேட்கும் நாட்டுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். எதிர்ப்பவரை மட்டும் துருவுவது நியாயமே இல்லை. ஆதாயம் இருப்பதாலேயே ஒருவரின் வாதம் பொய்யாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். ஈராக்கில் ஆயுதங்களைத் தேடும் ஐ.நா. ஆய்வாளர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள் என்று பிரான்ஸ் கேட்டது. போருக்குப் பிறகு தேடியும் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக, சில ஆண்டுகள் தள்ளிப் போய், யாருக்கு என்ன போனது, என்ன வந்தது என்று பாருங்கள். 2004 நவம்பரில், கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்பின் உறுப்பு நாடுகள் ஈராக் கடனில் 80 சதவீதத்தைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டன. ரஷ்யாவும் அதில் ஒன்று. 2009 டிசம்பர் ஏலத்தில் மேற்கு குர்னா-2 லுக்ஆயில் கைக்கே திரும்ப வந்தது. மஜ்னூன் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்குப் போனது.