மொட்டை மாடியில் அடீனியம்

திருநகர் வீட்டு மொட்டை மாடியில மூணு அடீனியம், அதான் பாலைவன ரோஜாச் செடி, வச்சிருக்கேன். நாலாவது ஐப்பசி மழையில அழுகிப்போச்சு. அடித்தண்டை அமுக்கினா பழுத்த கொய்யா மாதிரி நசுங்குச்சு, உள்ளே ஒரே நாத்தம். அதுக்கப்புறம் மண்ணையே மாத்திட்டேன்: ரெண்டு பங்கு ஆத்துமணல், ஒரு பங்கு செங்கல் துண்டு, ஒரு பங்கு மக்கின சாணம். விரலை விட்டுப் பாருங்க, ரெண்டு அங்குலம் காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

மதுரைச் சித்திரை வெயிலெல்லாம் இதுக்குத் தூசு. ஆப்பிரிக்கா, அரேபியாப் பக்கத்துச் செடியாச்சே! மாசியில கவாத்து பண்ணுங்க. வெட்டின இடத்துக்குக் கீழே துளிர் பிரியும். பூ கிளை நுனியிலதான். வடியிற பால் விஷம், கையுறை போட்டுக்கங்க. தொட்டி மாத்தும்போது கிழங்கு மாதிரி பருத்த அடித்தண்டை ஒரு அங்குலம் உயர்த்தி நடுங்க. வேர் அறுபட்டா ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க.