சுருக்கம் வேறு, திறனாய்வு வேறு: கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் முதுகலைத் தமிழ் மாணவர்களின் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகிறேன். சந்திப்பிழைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் செய்து வருந்திய தவறுகளையே அவர்களும் செய்வதைக் காணும்போதுதான் பேசாமலிருக்க முடியவில்லை.

நூல் சென்ற வழியே செல்வது

ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு, தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் கவிதை நூலை எடுத்துக்கொண்டேன். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குச் சேராமல் சகோதரியின் மகனுக்குச் சென்ற முறையால் பட்ட துன்பத்தை, ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவி அதில் சொல்லி அழுகிறாள். அவள் சொன்னதையே நான் படலம் படலமாக உரைநடையில் திருப்பிச் சொல்லி, ‘கவிஞர் கூறுகிறார்’, ‘கவிஞர் சுட்டுகிறார்’ என வினைச்சொல்லை மட்டும் மாற்றி மாற்றி நாற்பது பக்கம் நிரப்பினேன். “இதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாளே, நீ சொல்வது எங்கே?” என்று நெறியாளர் கேட்டார். ஆறு மாத உழைப்பு வீணாயிற்று.

அந்நூலில் ‘மாமி அரசியற் படலம்’ என்றொரு பகுதி உண்டு. ‘மாமியார் மருமகளைப் படுத்தும் பாடு இதில் கூறப்படுகிறது’ என்பது சுருக்கம். நூலைப் படித்த எவரும் அதை மறுக்கப்போவதில்லை. காப்பியத்துக்குரிய ‘படலம்’, அரசருக்குரிய ‘அரசியல்’ என்னும் சொற்களை வீட்டுச் சண்டைக்குச் சூட்டியதால், சிரிப்பு எழும் அதே இடத்தில், மாமியாரின் ஆட்சிக்கு மேல் மருமகள் முறையிட வேறு மன்றமில்லை என்பதும் புலப்படுகிறது என்று எழுதினால், அது திறனாய்வு. ‘வெறும் நகைச்சுவைதான்’ என்று ஒருவர் மறுக்கலாம். அப்போது நூலிலிருந்து சான்று காட்டும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கடமை எழாத பத்தியை நான் மாணவர்களை மறுபடி எழுதச் சொல்கிறேன்.

இவ்வளவு விளக்கிய பின்னும், ‘கதை தெரியாதவர்களுக்காக எழுதினேன்’ என்று பத்துப் பக்கச் சுருக்கத்தை நீட்டுபவர்களைக் கண்டால் இன்றும் எனக்குச் சினம் வருகிறது. அதற்கு நான்கு வரி போதும்.

மேற்கோளை வைத்துவிட்டு நகர்வது

மேற்கோளுக்குக் கீழே உங்கள் கருத்து இருக்க வேண்டும், பொழிப்புரை கருத்தாகாது.

பாராட்டு

‘அருமை’ என்பதற்குச் சான்று காட்ட முடியாது.

வரலாற்றை முடிவாக வைப்பது

திருவிதாங்கூரில் 1926-இல், இந்த மருமக்கள்வழி முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதைச் சொல்லிக் கட்டுரையை முடிப்பவர்கள், அந்த ஐந்தாம் மனைவியின் குரல் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியைத் தொடாமலே எழுந்துவிடுகிறார்கள்.