உதட்டுக் கொப்புளமும் அசதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் இதற்கு ‘சூட்டுக் கொப்புளம்’ என்று பெயர். உதட்டோரத்தில் கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளம் கிளம்பினால் அம்மா உடனே வெந்தயம் ஊற வைப்பார், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. வெந்தயத்தாலோ குளியலாலோ கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் இதை வெறும் சூடு என்றே நினைத்துக்கொண்டிருந்ததால் பல வருடங்கள் தவறான வைத்தியத்திலேயே போய்விட்டன.

இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸால் வருவது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாரோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டு யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. உள்ளே வந்த வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனஅழுத்தம், மாதவிடாய் என ஏதாவது ஒன்று தட்டி எழுப்பினால் அதே நரம்பு வழியாக உதட்டுக்குத் திரும்பி வரும். காய்ச்சலிலும் வெயிலிலும் வருவதால்தான் ‘சூடு’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது போலும். சில ஊர்களில் இதையே அக்கி என்று சொல்லிக் காவி பூசுவார்கள். உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டையாக வரும் அக்கி வேறு. அது சின்னம்மை வைரஸின் வேலை.

நான் செய்ததிலேயே பெரிய தவறு, மருந்துக் கடையில் “புண்ணுக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கியதுதான். கிடைத்தது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். பூசியதும் சிவப்பும் எரிச்சலும் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் புண் மூக்கடி வரை பரவி மூன்று வாரம் இழுத்தது. வைரஸை எதிர்க்கும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் பூசினால், வைரஸை அடக்கி வைத்திருக்கும் உடம்பின் காவலைத்தான் தளர்த்துகிறோம். வாய்க்குள் வரும் சாதாரண வாய்ப்புண் என்று நினைத்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுவதும் வீண்தான். இரண்டும் வேறு வேறு.

சரியான மருந்து கையில் இருந்தும் நேரத்தைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. கொப்புளம் தெரிவதற்கு முன்பே, சில மணி நேரமோ ஒரு நாளோ, அந்த இடம் நமநமவென்று அரிக்கும், லேசாகச் சுரீர் என்று குத்தும். வைரஸ் பெருகத் தொடங்கும் நேரம் அது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகள் அந்தப் பெருக்கத்தைத்தான் தடுக்கின்றன. பக்கு கட்டிய பிறகு பூசினால் பெரிய பலன் இல்லை. பெரியவர்களுக்கு வாலசைக்ளோவிர் 2 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, ஒரே நாளோடு முடிகிற முறை ஒன்று உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரிப்பு தொடங்கிய ராத்திரியில் மருத்துவரைத் தேடி அலைய வேண்டாம்.

கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், சுண்ணாம்போ பற்பசையோ அப்பாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கருவிழியில் தொற்று வரலாம்; கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது உதட்டில் புண் இருந்தால், யார் என்ன நினைத்தாலும் சரி, முத்தம் கொடுக்கவே கூடாது. பச்சிளங்குழந்தைக்கு இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். துண்டு, லிப்ஸ்டிக், டம்ளர் எல்லாம் அந்த நாட்களில் தனியாக இருக்கட்டும். அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இங்கே நன்றாகவே உதவும்.

இனி அசதி. முதன்முறை தொற்றும்போது காய்ச்சல், கழுத்தில் நெறி, உடம்பு வலி, அடித்துப் போட்டது போன்ற சோர்வு எல்லாம் வரலாம். திரும்பத் திரும்ப வரும்போது பெரும்பாலும் உதட்டோடு நின்றுவிடும். சிலருக்கு ஓரிரு நாள் உடம்பு கனக்கும். அந்த நாட்களில் காபியைக் குடித்துக்கொண்டு ராத்திரி விழித்து வேலையை முடிப்பது, கொப்புளத்தைத் தூண்டிய தூக்கமின்மைக்கே மேலும் தீனி போடுவது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: மாதக்கணக்கில் நீடிக்கும் சோர்வை “அந்தக் கொப்புளத்தால்தான்” என்று ஒதுக்கிவிடுவது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொப்புளம் வந்த தேதி, முந்தைய வாரத்துத் தூக்கம், வெயிலில் அலைந்தது, மாதவிடாய் நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வருடத்துக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் வந்தால், தினமும் எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச அந்தக் குறிப்பு போதும். புண் இரண்டு வாரம் ஆறாவிட்டாலும் காட்ட வேண்டும். என் நோட்டில் பாதிக்கு மேல், தூக்கம் கெட்ட வாரங்களுக்கு அடுத்து வந்தவைதான். அசதிக்குக் காரணம் வேறாக இருந்தது: ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து மாத்திரை எடுத்த சில மாதங்களில் அது தெளிந்தது. கொப்புளம் இப்போதும் வருடத்தில் ஒன்றிரண்டு முறை வருகிறது. வாலசைக்ளோவிர் மாத்திரை கைப்பையில் இருக்கிறது.