மாடியில் ஒலிப்பதிவு அறை கட்டுகிறீர்களா? பூச்சு வேலைக்கு முன்னால் படியுங்கள்

ஒலிப்பதிவு அறை என்றதும் பலருக்கு நினைவில் வருவது சுவர் முழுக்க ஒட்டிய கறுப்பு ஸ்பாஞ்சு. கொஞ்சம் சிக்கனக்காரர் என்றால் முட்டை அட்டை. இரண்டுமே வெளிச்சத்தத்தை நிறுத்தாது. அறைக்குள் எழும் எதிரொலியை ஸ்பாஞ்சு கொஞ்சம் அடக்கும். முட்டை அட்டை அதைக்கூட ஒழுங்காகச் செய்யாது. ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தால், ஸ்பாஞ்சு ஒட்டிய சுவரைத் தாண்டி அது தாராளமாக உள்ளே வரும்.

சத்தத்தைத் தடுப்பது வேறு, உள்ளே இருக்கும் சத்தத்தைச் சீர்படுத்துவது வேறு. இந்தப் பதிவு முதல் விஷயத்தைப் பற்றி மட்டும். அதுதான் கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை. ஸ்பாஞ்சை அடுத்த வருஷம்கூட ஒட்டிக்கொள்ளலாம். சுவருக்குள் போன பைப்பை அடுத்த வருஷம் தொட முடியாது.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எழுப்பிய அறையையே வைத்துக்கொள்கிறேன். வெளி அளவைச் சேர்க்காமல், செங்கல் சுவருக்கு உட்புறம் 12 அடிக்கு 14 அடி. பேச்சு, பாட்டு, கிட்டார் பதிவுக்கு. டிரம்ஸ் கிடையாது.

படி 1: அளவு போடும்போதே ஓரடி கூட்டிக் கேளுங்கள்

நாம் செய்யப்போவது அறைக்குள் இன்னோர் அறை. வெளியே செங்கல் சுவர், உள்ளே அதைத் தொடாத ஜிப்சம் சுவர். இதனால் ஒவ்வொரு பக்கமும் ஐந்து அங்குலம் போய்விடும். 12க்கு 14 என்பது கடைசியில் 11 அடி 2 அங்குலத்துக்கு 13 அடி 2 அங்குலமாக நிற்கும். கூரையிலும் ஏழெட்டு அங்குலம் குறையும். ஆகவே தளத்தின் உயரத்தைப் பத்தடிக்குக் குறையாமல், முடிந்தால் பத்தரை அடி வையுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் இரு மடங்காகவும் இருக்கக் கூடாது. பத்தடி இடைவெளியில் எதிரெதிர் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகே ஓர் ஒலி சிக்கிக்கொண்டு உறுமும். மூன்று பக்கமும் பத்தடி என்றால் மூன்றும் சேர்ந்து அதே இடத்தில் உறுமும். உயரம் 1 என்றால் அகலம் 1.14, நீளம் 1.39 என்ற விகிதம் சிறிய அறைகளுக்குப் பலர் பின்பற்றுவது. ஒன்பதரை அடி உயரத்தோடு எங்கள் அறை அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது, போதும்.

படி 2: சுவரை எடையாகக் கட்டுங்கள்

சுட்ட செங்கல், 9 அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. இது ஒன்றே ஏறக்குறைய 50 டெசிபல் தடுக்கும். நாலரை அங்குலச் சுவர் 45ஐ ஒட்டி. ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த சிமென்ட் கல்) வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசு. அதே கனத்தில் செங்கல் சுவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை. சத்தம் எடைக்குத்தான் பயப்படும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஐந்தாறு டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது பொதுக் கணக்கு.

கொத்தனாரிடம் நான்கு விஷயம் சொல்லி வையுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் பக்கவாட்டில் இருக்கும் இடுக்கிலும் கலவை வைக்க வேண்டும். அவசரத்தில் மேலும் கீழும் மட்டும் வைத்துவிட்டுப் போவது வழக்கம். சாரம் கட்டிய ஓட்டைகளை அரைக் கல்லைச் செருகி மூடாமல் முழுக்கக் கலவை போட்டு அடைக்க வேண்டும். சுவர் உச்சிக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் விரிசலையும் அப்படியே. நான்காவதுதான் யாருக்கும் தோன்றாது: ஃபால்ஸ் சீலிங் வருகிறது என்று தெரிந்தால், அதற்கு மேலே பூச்சு எதற்கு என்று மேல் ஓரடியை அப்படியே விட்டுவிடுவார்கள். "அது யார் கண்ணுக்கும் தெரியாதே சார்" என்றுதான் எங்கள் மேஸ்திரியும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். தளம் வரை பூசச் சொல்லுங்கள்.

கூரைக்குக் கான்கிரீட் தளம்தான், 5 அங்குலம். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டால் ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பதிவு கிடையாது. தளத்துக்கு மேலே சுருக்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டுத் தட்டோடு பதிப்பதோ, வெள்ளை ஓடு பதிப்பதோ உங்கள் விருப்பம். ஜன்னல் இல்லாத அறை சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும் என்பதால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: ஓட்டைகள்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறை முடிந்து முதல் இரவு மைக்கை வைத்து ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டேன். கீழே சமையலறையில் குக்கர் விசில். தூரத்தில் இல்லை, பக்கத்து அறையில் இருப்பதுபோல. சுவரெல்லாம் காது வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்விட்ச் போர்டு அருகே வந்தால் அங்கே அம்மா யாரிடமோ போனில் பேசுவது கேட்கிறது! மூடியைக் கழற்றினால் காண்ட்யூட் பைப்பின், அதாவது ஒயர் போகும் குழாயின் வாய். ஒரு முனை இங்கே, மறு முனை சமையலறைப் போர்டில். நடுவே இரண்டு ஒயர், மீதி எல்லாம் காற்று. அந்தக் காலத்தில் பிள்ளைகள் தீப்பெட்டியில் நூல் கட்டிப் பேசிய டெலிபோனை நான் காசு கொடுத்துச் சுவருக்குள் பதித்திருக்கிறேன்.

கணக்கு எளிது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தச் சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30. பத்துக்குப் பத்தடிச் சுவரில் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம்கூட இல்லை. 50 டெசிபல் சுவர் கட்டிய செலவு எல்லாம் அந்தச் சின்னச் சதுரத்தில் போயிற்று.

எனவே எலெக்ட்ரீஷியன் காடி வெட்ட வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அறைக்குள் மின்சாரம் ஒரே ஓர் இடத்தில் நுழையட்டும். அங்கிருந்து மற்ற போர்டுகளுக்கு உள்சுவரின் மேலாகவே, கேசிங்கில் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) ஒயர் ஓடட்டும். உள்சுவரைக் குடைந்து ஸ்விட்ச் பாக்ஸ் பதிக்க வேண்டாம். செங்கல் சுவரில் பதித்தே ஆக வேண்டும் என்றால், சுவரின் மறுபக்கப் பாக்ஸோடு முதுகோடு முதுகாக வராமல் இரண்டடி தள்ளி வையுங்கள். ஒயர் இழுத்து முடிந்ததும் பைப்பின் இரண்டு வாயிலும் ராக்வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) திணித்து, மேலே உலர்ந்தாலும் வெடிக்காத அக்ரிலிக் சீலன்ட் அடியுங்கள். வெறும் சிமென்ட் வேண்டாம், அது சுருங்கி விரிசல் விடும்.

படி 4: உள்சுவர்

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் இந்த வேலை. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் பொறுங்கள். ஈரத்தை மூடிவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

செங்கல் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் நிற்க வேண்டும். மரச் சட்டமும் போடலாம், ஆனால் நம் ஊர்க் கரையானை நினைத்து நான் ஜிஐ எடுத்தேன். சட்டம் தரையில் உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டை. ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் உறுதிக்காக நடுநடுவே பின்சுவரில் ஓர் ஆங்கிள் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று தடுங்கள். அந்த ஒரு ஸ்க்ரூ வழியாகச் செங்கல் சுவரின் அதிர்வு முழுக்க உள்சுவருக்கு வந்துவிடும்.

சட்டத்துக்குள் ராக்வூல். கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தி உள்ளது, 75 மில்லிமீட்டர் தடிமன். அழுத்தித் திணிக்காமல் சாய்த்து வைத்தாலே போதும். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் இல்லாமல் தொட்டால் அன்று இரவு சொறிந்துகொண்டேதான் தூங்குவீர்கள். ஸ்பாஞ்சு தீப்பிடிக்கும், இது பிடிக்காது என்பது கூடுதல் நிம்மதி. சுவருக்குள் தெர்மக்கோல் வைக்கச் சொல்பவரிடம் இதையும் கேளுங்கள்.

மேலே ஜிப்சம் போர்டு, 12.5 மில்லிமீட்டர், இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்புக்கு மேல் இரண்டாம் அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. போர்டு தரையையும் பக்கச் சுவரையும் தொடாமல் கால் அங்குலம் விட்டு, அந்த இடைவெளியைச் சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும்.

ஒரு அடுக்கு போதாதா, இடைவெளியையும் இரண்டு அங்குலமாகக் குறைத்து இடம் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். சுவர், நடுவே காற்று, அப்புறம் போர்டு என்பது ஒரு ஸ்பிரிங்கில் கட்டிய எடை மாதிரி. அதற்கென்று ஒரு ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் ஒலியை அது தடுப்பதற்குப் பதில் தூக்கிக் கொடுக்கும். இரண்டு அங்குல இடைவெளியில் ஒரு போர்டு என்றால் அந்த ஆட்டம் 90 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் ரீங்கரிப்பது 100 ஹெர்ட்ஸில். அதாவது பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கென்றே அளவெடுத்துக் கட்டிய சுவர் ஆகிவிடும். நான்கு அங்குலம், இரண்டு போர்டு என்றால் அது 45க்கு இறங்கிவிடும், ராக்வூல் வைத்தால் இன்னும் கீழே. இதே காரணத்துக்காகத்தான் செங்கல் சுவருக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பிளைவுட்டைச் சேர்க்கக் கூடாது. பாதுகாப்பு கூடும் என்று நினைப்போம், தாழ்ந்த ஒலிகளுக்குக் குறையும்.

கூரைக்கும் இதே முறை. தளத்திலிருந்து ஆறு அங்குலம் கீழே, ரப்பர் வைத்த ஹேங்கரில் தொங்க வேண்டும். சீலிங் ஃபேன் கொக்கியை மறந்துவிடுங்கள்.

படி 5: கதவு

ஒரு கதவு போதாது, இரண்டு. வெளிக்கதவின் நிலை செங்கல் சுவரிலும், உள்கதவின் நிலை ஜிப்சம் சட்டத்திலும். ஒரே அகல நிலையை இரண்டு சுவருக்கும் சேர்த்துப் போட்டால் படி 4 முழுக்க வீண். உள்ளே கூடு இல்லாத, கெட்டியான ஃப்ளஷ் டோர், 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல். எடை அதிகம் என்பதால் கீல் நான்கு. நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட். கீழே ஒரு தாழ்வான மரப்படி வைத்து அதிலும் கேஸ்கெட். படியில் முதல் வாரம் எல்லோரும் கால் இடறுவார்கள், பழகிவிடும்.

ஜன்னல் வேண்டாம் என்றே சொல்வேன். வேண்டும் என்றால் திறக்காத ஜன்னல்: வெளிச்சுவரில் 6 மில்லிமீட்டர் கண்ணாடி, உள்சுவரில் 10 மில்லிமீட்டர், நடுவே ஈரம் உறிஞ்சச் சில சிலிக்கா ஜெல் பொட்டலம். இரண்டும் வேறு வேறு தடிமனில் இருந்தால்தான் ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றது பிடிக்கும். நகரும் ஜன்னல் கூடவே கூடாது.

படி 6: மூச்சு விட வழி

இவ்வளவு அடைத்த அறையில் காற்று எங்கிருந்து வரும்? ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், புதுக்காற்று தராது. இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை கனக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது சத்தத்துக்கு ராஜபாட்டை.

வழி இதுதான்: பிளைவுட்டில் நாலடி நீளப் பெட்டி, உள்ளே பலகைகள் வைத்துக் காற்று பாம்புபோல் வளைந்து போகும்படி தடுப்பு, சுவர்களில் துணி போர்த்திய ராக்வூல். காற்று வளைந்து வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சாகும். இப்படி இரண்டு பெட்டி, ஒன்று காற்று வர, ஒன்று போக. விசிறியைப் பெட்டியின் வெளி முனையில் வையுங்கள். ஏசியின் வெளி யூனிட்டை இந்த அறைச் சுவரில் மாட்டாமல் தள்ளி, ரப்பர் மேல் நிறுத்துங்கள். செம்புக் குழாய் போகும் ஓட்டைக்கும் காண்ட்யூட் வைத்தியமே.

தரையைப் பற்றி அதிகம் இல்லை. பேச்சும் பாட்டும் என்றால் தடித்த கம்பளம் போதும். தவில், டிரம்ஸ் வைப்பவர்கள் ரப்பர் பேட் மேல் பலகைத் தளம் தனியாக எழுப்ப வேண்டும். அதை உள்சுவர் நிற்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

படி 7: பெயின்ட் அடிக்கும் முன் சோதனை

இரவில் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளியே ஒருவர் டார்ச்சைக் கதவு ஓரமாக மெதுவாக நகர்த்தட்டும். வெளிச்சம் தெரிகிற இடத்தில் சத்தமும் வரும். அடுத்து உள்ளே ஓர் ஊதுபத்தி ஏற்றி ஸ்விட்ச் போர்டு, ஏசிக் குழாய், சுவர் மூலைகளில் காட்டுங்கள். புகை நேராக எழாமல் சாய்ந்தால் அங்கே காற்று ஓடுகிறது. கடைசியாக வெளியே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உள்ளே சுவர் நெடுகக் காதை வைத்து நடங்கள். சந்தேகம் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, சீலன்ட் துப்பாக்கியோடு திரும்பி வாருங்கள்.

எங்கள் அறையில் பதினொரு வட்டம் விழுந்தது. அதில் ஏழு, எலெக்ட்ரீஷியன் போன பிறகு நான் பார்க்காமல் விட்டவை.