நெருக்கடி (stress) பற்றிய ஓர் எலி ஆய்வை வாசிப்பது எப்படி

சிறுவயதில் பட்ட துன்பம் மூளையிலேயே பதிந்துவிடுகிறது என்ற வகையில் ஒரு செய்தி வந்தால், ஆய்வாளர்கள் உண்மையில் எதை அளந்தார்கள் என்பதை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு நடத்திய எலி ஆய்வுகளைக் கொண்டு இதைப் பழகிக்கொள்ளலாம். இத்துறையில் இவ்வளவு அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டு, இவ்வளவு தவறாகவும் எடுத்துச் சொல்லப்பட்டவை குறைவு என்பது என் எண்ணம்.

அந்த ஆய்வகத்தில் யாரும் தாயன்பை அளக்கவில்லை. குட்டிகள் பிறந்த முதல் வாரத்தில் கூண்டுகளின் முன் அமர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, தாய் எலி குட்டியை நக்கிக்கொண்டிருக்கிறதா, முதுகை வளைத்து நின்று பாலூட்டுகிறதா, கூட்டைவிட்டு விலகியிருக்கிறதா என்று குறித்துவந்தார்கள். சராசரியைவிட மிக அதிகமாக நக்கிய தாய்கள் ஒரு பிரிவு, மிகக் குறைவாக நக்கியவை மற்றொன்று. குட்டிகளோடு கழித்த மொத்த நேரத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே குறைவாக நக்கிய தாயைப் ‘புறக்கணித்த தாய்’ என்று எழுதும் செய்தியை அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம்.

அடுத்து, விளைவை எப்படிச் சோதித்தார்கள் என்று பாருங்கள். 1997-இல் வெளியான ஆய்வில், வளர்ந்த எலிகளை அசையவிடாமல் 20 நிமிடம் அடைத்துவைத்து, இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற நெருக்கடி ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். நம் உடலில் கார்டிசால் செய்யும் வேலையை எலியில் செய்வது இதுதான். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியையும், அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியையும் தூண்ட, அங்கே சுரக்கும் இந்த ஹார்மோன் மூளைக்குத் திரும்பி ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் உள்ள ஏற்பிகளில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) பற்றிக்கொண்டு, ‘போதும்’ என்று தொடக்கத்துக்கே தடை போடுகிறது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகளுக்கு அந்த ஏற்பிகள் கூடுதலாக இருந்தன. தடையும் நன்றாக வேலை செய்தது. மனிதரிடம் கார்டிசால் அளந்ததாகச் சொல்லும் ஆய்வென்றால், அளந்த நேரத்தைக் கட்டாயம் பாருங்கள்; விழித்தெழுந்த அரைமணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும் ஹார்மோன் அது.

பின்பு, இது மரபுவழி வந்ததாக இருக்கக் கூடாதா என்று கேளுங்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டிகளை மாற்றி வைத்து, குறைவாக நக்கும் தாயின் குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் வளர்த்தபோது, அது வளர்த்தவளைப் போலவே ஆயிற்று. காரணம் வளர்ப்பில்தான் என்று துணிந்து சொல்ல வைத்தது இந்த மாற்றம். இப்படியொரு சோதனை இல்லாத ஆய்வில் ‘காரணம்’ என்ற சொல்லை எளிதில் ஏற்காதீர்கள்.

மனிதருக்குத் தாவும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 2004-இல் அதே பல்கலைக்கழகத்தின் மோஷே ஸிஃபுடன் இணைந்து மீனி குழுவினர், அந்த ஏற்பிக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில், மரபணுவின் செயல்பாட்டை அடக்கக்கூடிய சிறு வேதிக்குறிகளான மெத்தில் குழுக்கள் ஒட்டியிருந்த அளவு இரு பிரிவிலும் மாறுபட்டதைக் காட்டினர். 2009-இல் வெளியான மனித ஆய்வு, இறந்த 36 பேரின் மூளைத் திசுவைக் கொண்டது: சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டோர் 12, அத்தகைய வரலாறின்றித் தற்கொலை செய்துகொண்டோர் 12, வேறு காரணங்களால் இறந்தோர் 12. முதல் பிரிவில் மெத்தில் அளவில் வேறுபாடு தெரிந்தது உண்மை. ஆனால் இங்கே யாரையும் மாற்றி வளர்க்கவில்லை, மாற்றி வளர்க்கவும் முடியாது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ மெத்தில் அளந்த ஆய்வானால் இன்னும் ஒரு படி விலகி நில்லுங்கள், ஏனெனில் அந்த அளவு திசுவுக்குத் திசு மாறும்.

‘சேதம்’, ‘நிரந்தரம்’ என்ற இரு சொற்களையும் தனியே சோதித்துப் பாருங்கள். குறைவாக நக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸ், கார்ட்டிகோஸ்டிரோன் மிகுந்த சூழலில் நரம்பிணைப்புகளை மற்றவற்றைவிட நன்றாகவே வலுப்படுத்தியதாக 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. நெருக்கடி மிகுந்த உலகுக்கு ஏற்ற உடல் என்று அதை வாசிக்க இடமுண்டு. நிரந்தரம் என்பதற்கோ, அதே 2004 ஆய்விலேயே மறுப்பு இருக்கிறது: ட்ரைக்கோஸ்டாட்டின் என்ற பொருளைச் செலுத்தியதும், வளர்ந்த எலிகளிலும் அந்த வேறுபாடு மறைந்தது. இதைப் படித்துவிட்டு மருந்து வந்துவிட்டது என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் விட்டுவிடுவது, அது எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டது என்பதையும், அந்த ஒரு மரபணுவோடு நில்லாமல் வேறு பலவற்றின் செயல்பாட்டையும் மாற்றக்கூடியது என்பதையும்.